பேஸ் கிதாரின் குதிரை



பாட்டைக் கேட்பவர்கள் பாடகரின் குரலை அறிவார்கள். வயலினையும் புல்லாங்குழலையும் இனம் கண்டுகொள்வார்கள். ஆனால் அக்குரலுக்கும் குழலுக்கும் அடியில், வீட்டுக்குக் கடைக்கால் போலக் கிடந்து, பாட்டு முழுவதையும் தாங்கி நிற்கும் ஒரு தாழ்ந்த நாதத்தைப் பலர் கவனிப்பதில்லை. பேஸ் கிதார் என்னும் மின் வாத்தியம் எழுப்பும் நாதம் அது.

கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் நமக்கு அந்த நாதத்தின்மேல் தனி உரிமை உண்டு என்று நான் விளையாட்டாகச் சொல்வது வழக்கம். நம் அல்லிநகரத்தில் பிறந்த பாரதிராஜா இயக்கிய முதல் படமாகிய '16 வயதினிலே' 1977ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதற்கு இசையமைத்தவர் இதே பள்ளத்தாக்கில் உள்ள பண்ணைப்புரத்தில் பிறந்த இளையராஜா. அவருடைய பாடல்களில் பேஸ் கிதார் தாளத்துக்குத் துணைபோவதோடு நின்றுவிடாது. பாடகரின் மெட்டுக்குக் கீழே தானும் ஒரு மெட்டைப் பாடிக்கொண்டே செல்லும். அதைக் கேட்டு வளர்ந்த நம் ஊர் இளைஞர்கள் பலர் இன்று கல்லூரி விழாக்களிலும், கோயில் திருவிழாக்களில் நடக்கும் மெல்லிசைக் கச்சேரிகளிலும், தேவாலயங்களிலும் அந்த வாத்தியத்தைத் தோளில் மாட்டி நிற்கிறார்கள். புதிதாக வாங்க வசதியில்லாதவர்கள் பழையதை வாங்குகிறார்கள். பழையதை வாங்கியவர்களுக்கு முதலில் தொல்லை கொடுக்கும் உறுப்புகளுள் ஒன்றைப் பற்றித்தான் இன்று பேச எண்ணுகிறேன். அதைக் கடைக்காரர்கள் 'பிரிட்ஜ்' என்பார்கள். வீணைக்காரர்களும் வயலின்காரர்களும் அதைக் குதிரை என்பார்கள். நாமும் குதிரை என்றே அழைப்போம்.

பெயரிலேயே ஒரு வேடிக்கை இருக்கிறது. ஆங்கிலத்தில் அந்த உறுப்புக்குப் பாலம் என்று பெயர். நாம் அதைக் குதிரை என்கிறோம். ஆனால் பேஸ் கிதாரில் ஒவ்வொரு தந்தியும் அமர்ந்திருக்கும் சிறு உலோகத் துண்டை ஆங்கிலேயர் சேணம் என்று சொல்லுகிறார்கள்! குதிரையை நாம் கொடுத்தோம், சேணத்தை அவர்கள் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்ளலாம். இனி அந்தத் துண்டைச் சேணம் என்றே குறிப்பிடுவேன்.

குதிரையின் வேலை என்ன? முதலாவது, தந்தியின் ஒரு முனையைப் பிடித்து நிறுத்துவது. வழக்கமான தந்திகள் நான்கையும் உரிய சுருதிக்கு முறுக்கினால், அவற்றின் மொத்த இழுவிசை ஏறத்தாழ 75, 80 கிலோகிராம் எடைக்கு ஒப்பாகும். வளர்ந்த ஓர் ஆள் இரவும் பகலும் அந்தச் சிறு தகட்டைப் பிடித்துத் தொங்குவதாக நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது, தந்தி பலகையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கவேண்டும், தந்திக்கும் தந்திக்கும் இடைவெளி எவ்வளவு என்பதை முடிவு செய்வது. மூன்றாவது வேலைதான் மிக முக்கியமானது: தந்தியின் நீளத்தை நிர்ணயிப்பது.

தந்தியின் நீளம் பாதியானால் அதிர்வெண் இரு மடங்காகும் என்று நீங்கள் பாடத்தில் படித்திருப்பீர்கள். ஆகவே தந்தியின் நட்டநடுவில் ஒரு மெட்டை வைத்து அழுத்தினால் சரியாக ஒரு ஸ்தாயி மேலே ஒலிக்கவேண்டும் அல்லவா? ஒலிப்பதில்லை, சற்றுக் கூடுதலாகவே ஒலிக்கிறது. காரணம் எளிது. விரலால் தந்தியைக் கீழே அழுத்தும்போது அது சிறிது இழுபடுகிறது; இழுபட்டால் விறைப்பு அதிகரிக்கிறது; விறைப்பு அதிகரித்தால் சுருதி ஏறுகிறது. அதோடு, தடித்த தந்தி இலேசில் வளைவதில்லை. கம்பிபோல் விறைத்து நிற்கும் அதன் இயல்பும் சுருதியை ஏற்றிவிடுகிறது. இந்த மிகையை ஈடுகட்ட, கணக்குப்படி வரும் நீளத்தைவிடத் தந்தியைச் சற்றே நீட்டி வைக்கவேண்டும். எவ்வளவு நீட்டவேண்டும் என்பது தந்திக்குத் தந்தி வேறுபடும். பேஸ் கிதாரை உற்றுப் பாருங்கள்: நான்கு சேணங்களும் ஒரே வரிசையில் இரா. தடித்த தந்தியின் சேணம் பெரும்பாலும் எல்லாவற்றுக்கும் பின்னே தள்ளியிருக்கும்.

இதே பிரச்சினை வீணைக்கும் உண்டு. நம் முன்னோர் அதை வேறு வழியில் தீர்த்தார்கள். தஞ்சாவூர் வீணையில் 24 மெட்டுகள் மெழுகில் பதிக்கப்பட்டிருக்கின்றன. அனுபவமுள்ள கலைஞர் ஒருவர் ஒவ்வொரு மெட்டையும் காதால் கேட்டுக் கேட்டு, முன்னும் பின்னும் நகர்த்தி, சுரம் சரியாக விழும் இடத்தில் நிறுத்துவார். இதற்கு மேளம் கட்டுதல் என்று பெயர். காலப்போக்கில் மெழுகு தளர்ந்தால் மீண்டும் மேளம் கட்டுவார்கள். பேஸ் கிதாரின் மெட்டுகளோ மரத்தில் அறைந்து இறுக்கப்பட்டவை, அவை நகரா. ஆகவே வீணையில் மெட்டுகள் செய்யும் ஒத்துழைப்பைப் பேஸ் கிதாரில் குதிரை ஒன்றே செய்தாகவேண்டும். சேணங்கள் நகரும்படி அமைந்திருப்பதன் இரகசியம் இதுதான். பேஸ் கிதாருக்கு மேளம் கட்டும் இடம் குதிரை.

இந்த உண்மை வாத்தியத்தைச் செய்தவர்களுக்கே படிப்படியாகத்தான் கைவந்தது. அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தைச் சேர்ந்த லியோ பெண்டர் 1951ஆம் ஆண்டில் 'பிரிசிஷன் பேஸ்' என்னும் வாத்தியத்தை வெளியிட்டார். பிரிசிஷன் என்றால் துல்லியம். அதற்குமுன் ஆளுயர டபுள் பேஸை வாசித்தவர்கள், மெட்டே இல்லாத பலகையில் சுரத்தைத் தேடிப் பிடிக்கவேண்டியிருந்தது. மெட்டுகள் வந்ததால் துல்லியம் வந்தது என்ற பெருமிதத்தில் அப்பெயரைச் சூட்டினார்கள். ஆனால் அந்த முதல் வாத்தியத்தின் குதிரையில் நான்கு தந்திகளுக்கு இரண்டே சேணங்கள்தாம் இருந்தன. இரண்டு தந்திகள் ஒரு சேணத்தில் ஏறினால், ஒன்றுக்கு ஏற்றபடி நகர்த்தும்போது மற்றொன்று கெடும். இருவரையும் ஓரளவு சமாதானப்படுத்தும் பஞ்சாயத்துத்தான் செய்ய முடியும். 1957ஆம் ஆண்டில் அந்த வாத்தியத்தைத் திருத்தி அமைத்தபோது தந்திக்கு ஒரு சேணமாக நான்கு சேணங்களை வைத்தார்கள். துல்லியம் என்ற பெயருக்கு அப்போதுதான் முழு நியாயம் கிடைத்தது என்பேன்.

இனி நம் ஊருக்கு வருவோம். நான் பௌதிகம் கற்பிப்பவன். வாத்தியங்களைப் பிரித்துப் பார்ப்பதில் ஆசையுள்ளவன். சில ஆண்டுகளுக்குமுன் அல்லிநகரத்துக் கல்லூரி மாணவர் ஒருவர் பழைய பேஸ் கிதார் ஒன்றை என்னிடம் கொண்டுவந்தார். "ஐயா, இதை விற்றுவிடப் போகிறேன். எனக்குச் சுருதி ஞானம் இல்லை என்று குழுவில் எல்லோரும் சொல்லுகிறார்கள். கீழ்ச் சுரங்கள் சரியாக வருகின்றன, கை மேலே போகப் போக அபசுரம் தட்டுகிறது" என்றார். அவருடைய தகப்பனார் கூலி வேலை செய்து சேர்த்த பணத்தில் வாங்கிய வாத்தியம் அது. விற்றால் பாதி விலைகூடக் கிடைக்காது. அதைவிடப் பெரிய நஷ்டம், தமக்குக் காது இல்லை என்ற எண்ணம் அவர் மனத்தில் ஊன்றிவிட்டதுதான். அபசுரம் தட்டுகிறது என்பதை அறிந்து வருந்தும் ஒருவருக்குக் காது இல்லாமல் இருக்குமா? குறையை வேறு இடத்தில் தேடவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

தேடும் முறையை உங்களுக்கும் சொல்லுகிறேன். முதலில் புதிய தந்திகளை மாட்டுங்கள். தேய்ந்து அழுக்கேறிய தந்தி பொய் சொல்லும். சுருதி காட்டும் கருவி ஒன்று வேண்டும். இப்போது கைப்பேசியிலேயே அதற்கான செயலிகள் இருக்கின்றன. திறந்த தந்தியைச் சரியான சுருதிக்குக் கொண்டுவாருங்கள். பிறகு 12ஆவது மெட்டுக்கு நேர்மேலே தந்தியை அழுத்தாமல் விரலால் மெல்லத் தொட்டு மீட்டுங்கள். மணியோசைபோல் மேல் ஸ்தாயிச் சுரம் ஒன்று எழும். அடுத்து, அதே மெட்டில் தந்தியை வாசிப்பதுபோல் அழுத்தி மீட்டுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் சேணம் சரியான இடத்தில் இருக்கிறது. அழுத்திய சுரம் கூடுதலாக ஒலித்தால் தந்தி குட்டையாக இருக்கிறது. சேணத்தைப் பின்னோக்கி, கழுத்துக்கு அப்பால் நகர்த்துங்கள். குறைவாக ஒலித்தால் கழுத்தை நோக்கி நகர்த்துங்கள். ஒவ்வொரு முறை நகர்த்திய பின்பும் திறந்த தந்தியை மறுபடி சுருதி கூட்டியே சோதிக்கவேண்டும்.

எவ்வளவு நகர்த்துவது? இங்கே ஒரு சிறு கணக்கு உங்களுக்கு உதவும். அரைச் சுர இடைவெளியை 100 பங்குகளாகப் பிரித்து, ஒரு பங்கைச் சென்ட் என்று கூறுவார்கள். வழக்கமான பேஸ் கிதாரில் தந்தியின் நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 864 மில்லிமீட்டர். 12ஆவது மெட்டிலிருந்து குதிரை வரை அதில் பாதி, 432 மில்லிமீட்டர். சேணத்தை 1 மில்லிமீட்டர் பின்னே தள்ளினால், திறந்த தந்தி 865 ஆகும். பாதித் தந்தி 433 ஆகும். இவ்விரண்டின் விகிதம் 2 என்பதிலிருந்து சற்றுக் குறைகிறது. அந்தக் குறைவைச் சென்ட்டாக மாற்றினால் 2 வரும். எனவே 10 சென்ட் மிகை இருந்தால் சேணம் ஏறத்தாழ 5 மில்லிமீட்டர் பின்னே போகவேண்டும். மடக்கைப் பட்டியல் தெரிந்த மாணவர்கள் வீட்டில் இதைச் சரிபார்த்துக்கொள்ளலாம்.

அந்த இளைஞரின் வாத்தியத்தில் தடித்த தந்தி 14 சென்ட் மிகையாக ஒலித்தது. சேணம் 7 மில்லிமீட்டர் பின்னே போகவேண்டும். ஆனால் அதை நகர்த்தும் திருகில் வியர்வைபட்டுத் துரு ஏறி, திருப்புளியால் அசைக்கவே முடியவில்லை. எண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்துப் பார்த்தோம்; திருகின் தலைதான் சிதைந்தது. மற்றொரு சேணத்தின் உயரத்தைத் தாங்கும் சிறு திருகு, மரையழிந்து தானாக இறங்கிக்கொண்டிருந்தது. குறை காதில் இல்லை, குதிரையில் இருக்கிறது என்று அவருக்குத் தெளிவாயிற்று. அந்தக் குதிரையை மாற்றித்தான் ஆகவேண்டும்.

மாற்றுவதற்கு முன்னே அளவெடுக்கவேண்டும். தந்திக்கும் தந்திக்கும் உள்ள இடைவெளி பல வாத்தியங்களில் ஏறத்தாழ 19 மில்லிமீட்டர். ஆனால் எல்லாவற்றிலும் அன்று. திருகுத் துளைகள் எத்தனை, அவற்றின் இடைவெளி என்ன, சேணம் எந்த அளவுக்கு உயரவும் தாழவும் இயலும், தந்தி தகட்டின் பின்புறத்திலிருந்து வருகிறதா, மரத்தின் ஊடாக வருகிறதா என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பழைய துளைகளுக்குப் பொருந்தும் குதிரையை வாங்கினால் பாதி வேலை முடிந்தது. பொருந்தாததை விலைமலிவு என்று வாங்கினால், மரத்தில் புதிய துளைகள் இடவேண்டிவரும். மரத்தில் இட்ட துளையைத் திரும்பப் பெற முடியாது.

கழற்றும்போது தந்திகளைச் சிறிது சிறிதாக, எல்லாவற்றையும் சமமாகத் தளர்த்துங்கள். குதிரையைத் தூக்கினால் அதன் அடியில் மேலுறையில்லாத ஒரு மெல்லிய கம்பியைப் பல வாத்தியங்களில் காண்பீர்கள். குப்பை என்று எண்ணி அதை வெட்டிவிடாதீர்கள். தந்திகளையும் குதிரையையும் வாத்தியத்தின் மின்சுற்றில் பூமியோடு சேரும் பக்கத்தில் இணைப்பது அந்தக் கம்பிதான். அது புதிய குதிரையின் உலோகத்தை நன்றாகத் தொடவேண்டும். இல்லாவிட்டால் ஒலிபெருக்கியில் ஓயாத இரைச்சல் கேட்கும்.

திருகுத் துளைகள் தளர்ந்திருந்தால், மெல்லிய மரச்சிம்புகளைத் தச்சர் பசையில் தோய்த்து உள்ளே செருகி, நன்கு காயவிட்டுப் பிறகு திருகை இறுக்குங்கள். இறுக்குமுன் வெளித் தந்திகள் இரண்டையும் மாட்டி, அவை பலகையின் இரு விளிம்புகளிலிருந்தும் சம தூரத்தில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். புதிய குதிரையின் தகடு பழையதைவிடத் தடிமனாக இருந்தால், சேணங்களை எவ்வளவு தாழ்த்தினாலும் தந்தி உயரமாகவே நிற்கலாம். அப்போது கழுத்தும் உடலும் சேரும் இடத்தில் மெல்லிய பட்டை ஒன்றை வைத்துக் கழுத்தின் சாய்வைச் சிறிது மாற்றுவார்கள். அது தேர்ந்தவர் செய்யவேண்டிய வேலை. இவையெல்லாம் முடிந்தபின், முதலில் உயரத்தையும் பின்னர் நீளத்தையும் சரிசெய்யுங்கள். வரிசையை மாற்றினால் வேலை இரட்டிக்கும். உயரம் மாறினால் தந்தி இழுபடும் அளவும் மாறிவிடும் அல்லவா?

இங்கே ஓர் எச்சரிக்கை. திருவிழாப் பந்தலில் மின் இணைப்பு எப்படி இருக்கும் என்பது உங்களுக்குத் தெரியும். கலைஞரின் கை தந்தியில் இருக்கிறது. தந்தி ஒலிபெருக்கியின் உலோகப் பெட்டியோடு இணைந்திருக்கிறது. ஒலிபெருக்கிக்கோ ஒலிவாங்கிக்கோ சரியான எர்த் இல்லாவிட்டால், உதடு ஒலிவாங்கியில் படும் கணத்தில் மின்சாரம் உடலின் வழியே பாயக்கூடும். 1972ஆம் ஆண்டில் பிரிட்டனில் உள்ள சுவான்சி நகர மேடையில், லெஸ் ஹார்வி என்னும் கிதார் கலைஞர் எர்த் இல்லாத ஒலிவாங்கியைத் தொட்டு உயிரிழந்தார். குதிரையைச் சீர்செய்பவர் மேடையின் எர்த்தையும் கேட்டுத் தெரிந்துகொள்வது அவசியம்.

இனி, நீங்கள் கேட்கப்போகும் ஒரு கேள்விக்கு வருகிறேன். கனமான வார்ப்புக் குதிரையை மாட்டினால் நாதம் பெருகும், நீண்ட நேரம் ஒலிக்கும் என்கிறார்களே, உண்மையா? 1970களிலிருந்து அப்படிப்பட்ட குதிரைகள் தனியே விற்பனையாகிப் புகழ்பெற்றன. கொள்கையளவில் அதில் பொருள் உண்டு. அசையாத சுவரில் எறிந்த பந்து நன்றாகத் திரும்புவதுபோல, கனமான குதிரையில் மோதும் அதிர்வு தந்திக்கே திரும்பும். உடலுக்குள் கசிவது குறையும். ஆனால் மெல்லிய தகடும் மரத்தோடு இறுக்கமாகப் பொருந்தியிருந்தால் ஏறக்குறைய அதே உறுதியைத் தந்துவிடுகிறது. இருவித குதிரைகளையும் நான் மாட்டிப் பார்த்தவரையில், புதுத் தந்தி போட்டால் கிடைக்கும் வேறுபாட்டில் ஒரு சிறு பங்கைக்கூடக் குதிரையின் கனம் தரவில்லை. நாதத்துக்காக மட்டும் குதிரையை மாற்ற நினைப்பவர் முதலில் தந்தியை மாற்றிப் பார்க்கட்டும்.

அப்படியானால் குதிரைக்கும் நாதத்துக்கும் தொடர்பே இல்லையா? உண்டு, ஆனால் அது எடையைவிட வடிவத்தைப் பொறுத்தது. இதை உலகுக்கு எடுத்துக்காட்டியவர் திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன். நோபல் பரிசு பெறுவதற்கு ஒன்பது ஆண்டுகளுக்குமுன், 1921ஆம் ஆண்டில், வீணையையும் தம்புராவையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார். ஒரு தந்தியை எந்த இடத்தில் மீட்டினால் ஒரு குறிப்பிட்ட மேற்சுரம் எழக்கூடாது என்று பழைய விதி கூறியதோ, அதே இடத்தில் மீட்டியபோதும் அம்மேற்சுரம் இவ்வாத்தியங்களில் தெளிவாக ஒலித்தது! காரணம் குதிரையே. வீணைக் குதிரையின் மேல் உள்ள உலோகத் தகடு அகலமாக, இலேசாக வளைந்திருக்கிறது. அதிரும் தந்தி அதன்மேல் படர்ந்து படர்ந்து விலகுகிறது. தம்புராவில் தந்திக்கு அடியில் ஒரு நூலை வைத்து அதே விளைவைப் பெறுகிறார்கள். நாம் ஜீவன் என்று சொல்லும் அந்த ரீங்காரம் இப்படித்தான் பிறக்கிறது. பேஸ் கிதாரின் சேணமோ தந்தியை ஒரே புள்ளியில் வெட்டென நிறுத்துகிறது. அங்கே வேண்டுவது ரீங்காரமன்று; ஐயத்துக்கு இடமில்லாத ஒரு நீளம். ஒவ்வொரு வாத்தியத்தின் குதிரையும் அந்த வாத்தியம் எதை நாடுகிறதோ அதற்காக அமைந்தது.

ஆகையால் குதிரையை எப்போது மாற்றவேண்டும் என்பதற்கு என் விடை சுருக்கமானது. திருகு அசையாவிட்டால், சேணம் நிலைத்து நில்லாவிட்டால், சரியான இடத்துக்குச் சேணம் எட்டாவிட்டால் மாற்றுங்கள். மற்றவர் வாத்தியத்தில் பளபளக்கிறது என்பதற்காக மட்டும் மாற்றாதீர்கள். இருக்கும் குதிரை சொன்ன இடத்தில் நிற்குமானால், அதைத் துடைத்து, திருகுகளுக்குத் துளி எண்ணெய் இட்டு, மேளம் கட்டினாலே போதும். அதற்குச் செலவு ஒரு மாலைப்பொழுது.

அந்த இளைஞர் வாத்தியத்தை விற்கவில்லை. சாதாரண விலையில் ஒரு குதிரையை வாங்கி, தம் கையாலேயே பொருத்தினார். நான் அருகில் இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான். 12ஆவது மெட்டில் இரு சுரங்களும் ஒன்றாக ஒலித்தபோது, கருவியில் ஊசி நிற்குமுன்பே அவர் தலையசைத்துவிட்டார். சுருதி ஞானம் இல்லை என்று பிறர் சொன்ன காது, கருவியை முந்திக்கொண்டது.

ஒருவன் தவறாக வாசிக்கும்போது, வாசிப்பவனைக் குறைகூறுவது எளிது. வாத்தியத்தை அளந்து பார்ப்பதற்குச் சிறிது பொறுமை வேண்டும். அந்தப் பொறுமை உங்களிடம் இருக்குமானால், நம் பள்ளத்தாக்கில் யாரோ ஒரு பிள்ளை கைவிடவிருந்த வாத்தியத்தை மறுபடி எடுத்து வாசிக்கும்.